பழைய ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளத்தில் கசிவு: முழுக்க இறைக்காமல் சரிசெய்த அனுபவம்

பழைய ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் ஒழுகுகிறது என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள்: தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு ஓட்டை எங்கே என்று பாருங்கள். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் குளத்தின் கசிவை நாங்கள் முழுக்க இறைக்காமலேயே கண்டுபிடித்தோம், முழுக்க இறைக்காமலேயே அடைத்தோம். இதே கவலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் வசிப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், கடற்கரைப் பக்கத்துப் புறநகர் ஒன்றில். எங்கே தோண்டினாலும் மணல்தான். குளம் 1980களின் கடைசியில் போடப்பட்டது. வீட்டோடு சேர்ந்து எங்களுக்கு வந்தது. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். இவ்வகைக் குளங்களைத் தொழிற்சாலையில் ஒரே தொட்டியாக வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் குழிக்குள் இறக்குவார்கள். தொட்டியின் எடை சுமார் ஒரு டன். அதற்குள் நிற்கும் தண்ணீரோ நாற்பது டன்னை ஒட்டியது. வெளியிலிருந்து மணல் சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது. நிலத்தடி நீர் ஏறும் காலத்தில் அது அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. இரண்டையும் எதிர்த்து நிற்பது உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான். அதை மொத்தமாக எடுத்துவிட்டால் சுவர் உள்வாங்கலாம். நீர்மட்டம் உயர்ந்த இடமாக இருந்தால் தொட்டியே மிதந்து கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பிய தொட்டியைப் பழையபடி உட்காரவைப்பது பெரும்பாடு.

எங்கள் குளத்தில் மட்டம் குறைந்தால் தானாகவே குழாய்த் தண்ணீர் நிரப்பும் மிதவை வால்வு உண்டு. வசதியான சாதனம்தான், ஆனால் கசிவை மறைப்பதில் அதற்கு இணையில்லை. மட்டம் எப்போதும் சரியாகவே இருந்தது. களிமண் நிலமாக இருந்தால் ஓரத்தில் சேறாவது தெரிந்திருக்கும். மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. காட்டிக்கொடுத்தவை மூன்று: தண்ணீர்க் கட்டணம், உப்பு, கறிவேப்பிலை மரம்.

இங்குள்ள பல குளங்களைப் போல எங்களுடையதும் உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியோடு ஓடுகிறது. அந்தக் கருவி 'உப்பு குறைவு' என்று விளக்கெரித்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டியும் மறுபடி எரிந்தது. ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுத்தான் போகும். ஃபில்டரைக் கழுவி வெளியேற்றாத வாரங்களிலும் உப்பு குறைகிறது என்றால், தண்ணீர் தண்ணீராகவே எங்கோ போகிறது என்று பொருள். அதே நாட்களில், குளத்தின் ஓரத்தில் நின்ற கறிவேப்பிலை மரத்தின் இலை விளிம்புகள் கருகுவதை என் மனைவி கவனித்தார். உப்பு வேருக்குப் போகிறது என்று அவர்தான் முதலில் சொன்னார்.

மிதவை வால்வுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டு வீட்டு மீட்டரைப் பார்த்தோம். முள் நின்றுவிட்டது. ஆக, வீட்டுக் குழாய்களில் பழுதில்லை. அடுத்தது வாளிச் சோதனை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பிப் படியில் வைத்து, வாளிக்குள் இருக்கும் மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் மார்க்கரால் கோடிட்டு, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். வாளியும் குளமும் ஒரே வெயிலைத்தான் காய்கின்றன. ஆவியாதல் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எங்கள் வாளியில் ஆறு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. குளத்தில் மூன்றரை சென்டிமீட்டர். இந்த அளவுள்ள குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது முப்பத்திரண்டு லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதே சோதனையை மோட்டார் ஓடும்போது ஒருமுறையும் நிறுத்திவைத்து ஒருமுறையும் செய்ய வேண்டும். ஓடும்போது அதிகம் குறைந்தால், தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயின் மேல் சந்தேகம். தண்ணீர் திரும்பும் வாயில் காற்றுக்குமிழிகள் வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் சந்தேகம். எங்களுக்கு வித்தியாசமும் இல்லை, குமிழியும் இல்லை. பிரச்சினை தொட்டியில்தான் என்று ஏறக்குறைய தெளிவானது.

இதன்பின் செய்ததுதான் இதில் முக்கியமான வேலை: ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு (மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே தண்ணீர் போனபின் ஓடினால் மோட்டார் காற்றை இழுத்துக் கெட்டுவிடும்) மட்டம் தானாக இறங்கட்டும் என்று விட்டோம். அது ஏப்ரல் மாதம். கோடை முடிந்து குளிர்கால மழை தொடங்குவதற்கு முன், பெர்த்தில் நிலத்தடி நீர் மிகத் தாழ்ந்து இருக்கும் நேரம். மாநில அரசின் நிலத்தடி நீர் வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. எங்கள் தெருவில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அதில் பார்த்த பிறகே துணிந்தோம். குளிர்கால மழையால் நிலத்தடி நீர் ஏறியிருக்கும் செப்டம்பரில் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

தண்ணீர் ஸ்கிம்மரைத் தாண்டி இறங்கியது. திரும்பும் வாயையும் விளக்கையும் தாண்டியது. இரண்டாம் படியின் மூலைக்கு வந்ததும் வேகம் குறைந்து, பிறகு வாளி குறையும் அளவுக்குத்தான் குறைந்தது. அங்கே தலைமுடி போல ஒரு கோடு. கோடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கேசரிப் பவுடரைக் கரைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டும் சிரிஞ்சில் எடுத்து, அசையாத தண்ணீரில் அந்தக் கோட்டருகே மெல்ல விட்டேன். மற்ற இடங்களில் நிறம் புகையாகத் தொங்கியது. இங்கே நூலாக நீண்டு, கோட்டுக்குள் நுழைந்து காணாமல் போனது.

பார்க்க வந்தவர்களில் ஒருவர் தொட்டியையே பெயர்த்துவிட்டுப் புதிது போடச் சொன்னார். இன்னொருவர், உள்பக்கம் முழுக்கப் புதுப் பூச்சுப் பூசினால் போதும் என்றார். இரண்டுமே மனதுக்கு ஒப்பவில்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்யும் மாமாவுக்குத் தொலைபேசியில் அழைத்துப் படத்தை அனுப்பினேன். அவர் விரிசலைப் பற்றி அதிகம் பேசவில்லை. "மாப்பிள்ளை, படியைத் தட்டிப் பார்த்தாயா? பின்னால் பிடிமானம் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். மரச் சுத்தியல் பிடியால் தட்டினால் பக்கத்துப் படியில் கெட்டியான சத்தம். இந்த மூலையில் டொம் என்ற வெற்றுச் சத்தம். ஏறி நின்றால் படி லேசாக அமுங்கியது. படிக்கு அடியிலிருந்த மணல் அரித்துப் போயிருந்தது. தாங்க ஆளில்லாத படி மிதிக்கும்போதெல்லாம் வளைந்து வளைந்து வெடித்திருக்கிறது. வெடிப்பு வழியே போன தண்ணீர் இன்னும் கொஞ்சம் மணலை அரித்திருக்கிறது. "வெறும் ஒட்டு நிற்காது, முதலில் பள்ளத்தை நிரப்பச் சொல்" என்றார் மாமா. பூச்சுப் பூசச் சொன்னவரின் யோசனையை அத்தோடு விட்டேன்.

வேலையை ஏற்றுக்கொண்ட மூன்றாமவரும் அதையேதான் சொன்னார். விரிசலுக்குக் கீழே ஓர் அடி மட்டும் தண்ணீரை இறக்கினார். மீதி அப்படியே நின்றது. நீண்ட சுவர்களுக்கிடையே குறுக்காக மரச்சட்டங்களை முட்டுக்கொடுத்தார். அரைக் குளமும் குழந்தைக்கு ஆபத்துதான் என்பதால், ஆட்கள் வந்துபோகும் நேரத்திலும் வேலிக்கதவு திறந்து கிடக்க நான் விடவில்லை.

படியில் துளையிட்டு, சிமென்ட் கலவையைக் குழம்பாகக் கரைத்து உள்ளே செலுத்தினார். வாளிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. அந்தச் சின்ன மூலைக்குப் பின்னால் அவ்வளவு வெற்றிடம் இருக்கும் என்று நான் எண்ணவில்லை. அது இறுகிய பிறகு விரிசலைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க, மேற்பூச்சில் விரல் நீளம் தெரிந்த கோடு உள்ளே சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. விளிம்புகளை அகலமாகச் சரிவாக இழைத்து, நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்தார். பிறகு கண்ணாடியிழைப் பாய்த் துண்டுகளை வினைல் எஸ்டர் ரெசின் என்ற பிசினில் தோய்த்து, சிறியதன்மேல் பெரியதாக அடுக்கினார். ஒவ்வோர் அடுக்கிலும் வரிவரியான இரும்பு உருளையை உருட்டிக் காற்றை வெளியேற்றினார். வெள்ளையாக இருந்த பாய், ரெசின் ஊறியதும் கண்ணாடி போலத் தெளிந்தது. வெண்புள்ளி தெரிந்த இடமெல்லாம் காற்று நிற்கும் இடம் என்று காட்டி, திரும்பத் திரும்ப உருட்டினார். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் நெடி அன்று முழுவதும் தெருமுனை வரை வீசியது. மேலே ஜெல்கோட் எனும் வழவழப்பான மேற்பூச்சு. சில நாட்கள் இறுகவிட்டுத்தான் தண்ணீர் நிரப்பச் சொன்னார்.

காப்பீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. மெல்ல மெல்ல ஏற்பட்ட சேதத்துக்கு எங்கள் ஒப்பந்தத்தில் இடமில்லை. நிரப்பியபின் வாளிச் சோதனையை மறுபடி செய்தோம். வாளியும் குளமும் சேர்ந்தே இறங்கின. உப்பும் நிலையாக நிற்கிறது. மிதவை வால்வின் குழாயை நிரந்தரமாக மூடிவிட்டேன். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இப்போது கையால்தான் நிரப்புகிறோம்.

தொட்டியின் ஆழமான பக்கத்தில் பழைய ஜெல்கோட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருப்பதையும் வேலை செய்தவர் காட்டினார். ஒழுகும் நிலை இன்னும் வரவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் உள்பக்கம் முழுவதையும் இழைத்துப் பூச வேண்டியிருக்கும், அதற்குக் குளத்தை உண்மையிலேயே காலி செய்தாக வேண்டும். அந்த வேலையைத் தகுந்த ஆட்களை வைத்து, முட்டுக்கொடுத்து, ஓர் ஏப்ரல் மாதத்தில் செய்வதென்று முடிவெடுத்து இப்போதே பணம் சேர்த்துவருகிறோம்.