இரண்டாங்கட்டுக்கு யார் போவது?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. கானாடுகாத்தானில் இடிபட இருந்த ஒரு வீட்டின் தூண்களையும் கதவுகளையும் கழற்றிக் கொண்டுபோய் அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்குடிக்காரனான எனக்கு அதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் உறுத்தலும் சேர்ந்தே வரும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிலை ஒருவருக்கும் அதன் கதவு வேறொருவருக்கும் விலைபோவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, ஒரு வீட்டின் உறுப்புகள் கலையாமல் ஓரிடத்தில் இருப்பதே பெரிய காரியம். உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இத்தகைய திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படுவது, சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் தொடங்கிய ஸ்கான்சன். ஆலைகள் பெருகிக் கிராமத்து வாழ்க்கை கண்முன்னே மறைந்துகொண்டிருந்த காலத்தில், அவர் நாட்டின் பல பகுதிகளிலிருந்து குடியானவர் வீடுகளைப் பெயர்த்து வந்து ஒரு குன்றின்மேல் அமைத்து, அந்தந்தப் பகுதியின் உடையணிந்த ஆட்களை அவற்றில் நடமாடச் செய்தார். இன்றும் அங்கே ரொட்டி சுடுகிறார்கள், கண்ணாடி ஊதுகிறார்கள். வீட்டைக் காட்டுவதைவிட வீட்டில் நடந்த வேலையைக் காட்டுவதே அதன் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் பக்கம் இது தலைகீழாக நடக்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு முகப்பும், பர்மாத் தேக்குத் தூண்களும், பெல்ஜியம் கண்ணாடியும், முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பும் காட்டப்படுகின்றன. மிஞ்சினால் வளவு என்ற நடுமுற்றத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் அடுத்த முற்றமான இரண்டாங்கட்டும் அடுப்படியும் இருக்கின்றன. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த நீளமான வீட்டின் அன்றாடம் முழுவதும் அங்கேதான் நடந்தது. நெல் காய்ந்ததும், குத்தப்பட்டதும், வற்றலும் வடகமும் பரப்பப்பட்டதும், ஓலைக் கொட்டான் முடையப்பட்டதும், கூரைச் சரிவிலிருந்து இறங்கும் மழைநீர் அண்டாக்களில் பிடிக்கப்பட்டதும் பின்கட்டுகளின் கதை. மிஞ்சிய தண்ணீர் வடிகால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேர ஊரையே அதற்கேற்ற சரிவில் அமைத்திருந்தார்கள் என்பது, என் கணக்கில், எந்த இத்தாலியப் பளிங்கையும்விட வியக்கத்தக்கது.

அந்த வீடுகளில் ஆண்கள் பெரும்பகுதிக் காலம் இல்லை என்பதையும் எந்த வழிகாட்டியும் அழுத்திச் சொல்வதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனவர்கள் ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கிட்டங்கி என்ற தொழிலிடத்தில் தங்கிப் பெட்டியடியில், கணக்குப் பெட்டியின் முன், உட்கார்ந்திருக்க, முகவராகப் போனவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணை முடித்தே ஊர் திரும்புவார். அந்த இடைவெளியில் வரவுசெலவு பார்த்தது, நெல்லளந்து வைத்தது, சம்பந்தம் பேசியது எல்லாம் ஆச்சிமார். மகனுக்குத் திருமணமானதும் ‘வேறு வைத்தல்’ என்ற முறைப்படி ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு என்று பிரித்துவிடும் வழக்கத்தை, கூட்டுக்குடும்பம் பற்றிப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ஒரே வளவைச் சுற்றி நான்கைந்து அடுப்புகள் தனித்தனியே புகைந்த அந்த ஏற்பாட்டை நடித்துக் காட்டினால், பத்துப் பக்கக் கட்டுரையில் சொல்ல முடியாதது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

என் அப்பத்தா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் நெல் குத்தியவர். அவருக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அவர் வந்துபோனது பின்வாசல் வழியே. முகப்பில் விரித்த கம்பளத்தைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் எந்த உரல் யாருக்கு ஒதுக்கப்பட்டது, எந்த ஆச்சி தவிட்டைக் கையோடு கொடுத்தனுப்புவார், யார் கொடுக்க மாட்டார் என்பதெல்லாம் கடைசிவரை மனப்பாடமாக இருந்தது. ஒரு வாழும் அருங்காட்சியகம் என்று ஒன்று இங்கே அமையுமானால், அதில் அவர் நின்ற இடத்தையும் நான் தேடுவேன்.

இது என் சொந்த வீம்பன்று. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ராக்ஃபெல்லர் பணத்தில் மீட்டெடுக்கப்பட்ட வில்லியம்ஸ்பர்க் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நகரில், பல பத்தாண்டுகள் ஆளுநர் மாளிகையையும் கைவினைஞர்களையுமே முன்னிறுத்தினார்கள். அந்நாளில் அந்த ஊர் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். அவர்களின் வாழ்க்கையைக் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டே நடித்துக் காட்டுவது 1979இல்தான் தொடங்கியது. 1994இல் அடிமை ஏலத்தை நடித்தபோது பெரும் எதிர்ப்பும் கிளம்பியது. நம் ஊரின் வரலாறு வேறு. அடிமை ஏலத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. பார்வையாளர் கூசும் பகுதியையும் ஓர் அருங்காட்சியகம் காட்டலாம் என்பதற்கே அதைச் சொல்கிறேன். நம் வீட்டுக் கணக்குப் பேரேட்டிலும் அப்படிப்பட்ட பக்கங்கள் உண்டு. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த விளைநிலம், உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவர்களிடம் வாங்கிய கடனை அடைக்க முடியாமல் உழவர்கள் நிலத்தை விட்டதால், 1930இல் 6 விழுக்காடாக இருந்து 1938இல் 25 விழுக்காடானது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பில் உயிர் பிழைத்து ஊர் திரும்பிய செட்டியார்களின் துயரம் இங்கே அடிக்கடி பேசப்படுகிறது, நிலமிழந்த பர்மிய உழவரின் பெயர் எந்த முகப்பிலும் கேட்பதில்லை.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பல வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். விற்கவும் மனமொப்பாது, ஓடு மாற்றச் செலவு பிரிக்கவும் கை வராது. முன்னோரை வழிபடும் படைப்புக்கோ திருமணத்துக்கோ எல்லோரும் ஒன்றுகூடும் நாட்களில் மட்டும் கதவு திறந்து, பேழை வெளியே வந்து, அண்டாக்கள் இறங்கி, வீடு தன் பழைய வேலையை மறுபடி செய்கிறது. வேடம் புனையாமலே நடக்கும் அந்த ஓரிரு நாட்களைப் பங்காளிகளின் ஒப்புதலோடு ஒளிப்பதிவு செய்து வைப்பதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் வார்க்கும் பட்டறைகள் இன்றும் பார்வையாளரை உள்ளே விடுகின்றன. அங்கே மக்கள் அலுக்காமல் நிற்பதைப் பார்த்தால், உரலில் நெல் குத்துவதைப் பார்க்கவும் நிற்பார்கள் என்றே தோன்றுகிறது. ஏதேனும் ஒரு கிராமத்தில், ஒரு குடும்பத்துப் பங்காளிகள் தங்கள் வீட்டின் பின்கட்டை மட்டுமாவது விட்டுக்கொடுத்தால் போதும். நுழைவுச் சீட்டைப் பின்வாசலில் கொடுக்கட்டும்.