இடது முன்பக்கம், மேலே

என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் சென்னையில் எந்தப் பட்டறைக்கு நான் வண்டியைக் கொண்டுபோனாலும் மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், பணம் கொடுப்பதும் நான். "என்ன கோளாறு ஐயா?" என்ற கேள்வி மட்டும் அவருக்கு. அவரும் மறுப்பதில்லை. மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது அவர் வழக்கமில்லை.

எந்த வண்டி என்று சொல்லமாட்டேன். சொன்னால், "அதை இன்னுமா வைத்திருக்கிறாய்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2006-இல் வாங்கிய சிறிய கார், அவ்வளவு போதும். கொஞ்ச நாட்களாகவே பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்னால் எங்கிருந்தோ 'டொக்' என்றது. பிரேக்கைத் தொட்டால் மூக்கைத் தாழ்த்தி, முன்னால் போகும் ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் வணக்கம் வைத்தது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் தன் ஆசை தீர ஆடிவிட்டுத்தான் அடங்கியது.

குடியிருப்பின் வாட்ச்மேன் சைலன்சர் என்றார். தங்கை விற்றுவிடு என்றாள். கணவர் டிக்கியைச் சந்தேகித்தார். அது நியாயமான சந்தேகம்தான். ஸ்டெப்னியோ ஜாக்கியோ தளர்ந்திருந்தால் இதே சத்தம் வரும். டிக்கியைக் காலி செய்தோம். ஒரு தாம்பூலப் பை, அதற்குள் யாருடைய கல்யாணத்தது என்றே தெரியாத வற்றிய தேங்காய், வீடு முழுக்கத் தேடிக் கைவிட்ட டிபன் கேரியரின் மூடி எல்லாம் கிடைத்தன. சத்தம் மட்டும் போகவில்லை. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே முன்பக்கம் முழுவதையும் மாற்றுவதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் பார்க்கிறேன்" என்றார்.

அவர் பார்ப்பது காலால். ஓடும் பேருந்தில், எதையும் பிடிக்காமல், ஒரு கையில் டிக்கெட் கட்டும் மறு கையில் சில்லறையுமாக நின்றே வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறை நடத்துநர்கள். எந்தச் சக்கரம் எந்தக் குழியில் இறங்கியது என்பதை உள்ளங்கால் சொல்லிவிடுமாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் இருக்கையாக மாறி மாறி உட்கார்ந்தார். வேளச்சேரியில் எங்கள் தெருவின் அதே வேகத்தடையில் என்னைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார். "ரைட், போகலாம்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். வாய்ப்பு கிடைத்திருந்தால் விசிலும் ஊதியிருப்பார். கடைசியில் வண்டியை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொன்னார். பானெட்டின் ஓரத்தில் ஏதோ முறுக்கிக்கொண்டு 'டங்' என்று விடுபட்டது.

"இடது முன்பக்கம், மேலே."

தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம். அவர், அப்பாவைப் பார்த்தபடி, பானெட்டின் இடது மூலையை அமுக்கிக் கையை எடுத்தார். நல்ல நிலையில் இருந்தால் ஒரு முறை எழும்பி அமர்ந்துவிட வேண்டும். எங்கள் வண்டி எழும்பியது, தாழ்ந்தது, மறுபடியும் எழும்பியது. "இதை மட்டும் நம்பக் கூடாது ஐயா" என்று டார்ச்சோடு சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தார். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கால்போல் நிற்கும் ஸ்ட்ரட்டின் குழாயில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. டயரைத் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் சாலையில் ஒழுங்காகப் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியதற்கு அதுவே சாட்சி. மேலே பாடியோடு ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் மவுண்டின் ரப்பர் வெடித்து, பேரிங்கும் இறுகியிருந்தது. அப்பா சொன்ன இடம்.

இப்படி ஆடும் வண்டியைப் பார்த்தாலே "ஸ்பிரிங் போய்விட்டது" என்பார்கள். பெரும்பாலும் ஸ்பிரிங் பாவம். அது பாரத்தைத் தாங்குகிறது, அவ்வளவுதான். விட்டால் ஆடிக்கொண்டே இருப்பது அதன் குணம். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்ற குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டனின் சிறிய துளைகள் வழியே அது திணறிப் போகும்போது துள்ளலின் வேகம் செத்துவிடும். சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறினால் அடக்க ஆளில்லை. சிறிய கார்களின் முன்பக்கத்தில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டும் சேர்ந்து ஒரே காலாக நிற்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்தக் காலும் சேர்ந்தே திரும்புகிறது. இதற்கு மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், செவர்லே நிறுவனம் திட்டமிட்ட கேடட் என்ற சிறிய காருக்காக யோசித்தது. அந்தக் கார் சந்தைக்கே வரவில்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல் கார் இந்தக் கால்களோடு வந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "வராத வண்டிக்குச் செய்த காலா நம் வண்டியில் இருக்கிறது?" என்றார்.

சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்பது அப்பாவின் கட்சி. கதவு, கண்ணாடி என்றால் நானும் புதுப்பேட்டைதான். உள்ளே எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியாத ஷாக்கை மட்டும் அங்கே வாங்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் ஜோடியை எடுத்து மேசைமேல் வைத்தார், அப்பாவுக்கு நேராக.

"இடது பக்கம்தான் சத்தம். வலது எதற்கு?"

"ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது ஐயா. ஒற்றைச் செருப்பு யாராவது வாங்குவார்களா?"

"கபாலீசுவரர் கோயில் வாசலில் எத்தனையோ முறை ஒற்றைச் செருப்போடு நின்றிருக்கிறேன். விற்றிருந்தால் வாங்கியிருப்பேன்."

ஜோடியாகத்தான் வாங்கினோம். இரண்டு மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் என்று பில் கொஞ்சம் நீண்டது. எப்படியும் பிரிக்கப்போகிறோம், தேய்ந்த ரப்பரை மறுபடியும் வைத்துப் பூட்டினால் கூலி இரண்டு முறை.

முதல் நாள் மாலையே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தும், வலது பக்கத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, மெக்கானிக்கும் பட்டறைப் பையனும் சேர்ந்து தொங்கிய பிறகுதான் அது மனம் இரங்கியது. பிரேக் குழாய் இழுபடாமல் சக்கர அச்சைக் கம்பியால் கட்டினார்கள். பானெட்டுக்குள் இருந்த மூன்று நட்டுகளைக் கழற்றும்போது பையன் கீழே ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடித்தான். நடு நட்டை யாரும் தொடவில்லை. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கியைப் பூட்டாமல் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடித்துவிடும். கயிற்றால் கட்டிவிட்டு இதைச் செய்பவர்களின் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம். மெக்கானிக் இறுக்கிகளை ஸ்பிரிங்கின் இரு பக்கமும் எதிரெதிராகப் பூட்டி, "தள்ளி நில்லுங்கள் அம்மா" என்றார். அன்று அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது. அப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, சொன்னாலும் நின்றிருக்கமாட்டார்.

கழற்றிய பழைய ஷாக்கின் கம்பியை அப்பா உள்ளே தள்ளினார். போனது, போன இடத்திலேயே படுத்துக்கொண்டது. புதியதை அமுக்கக் கைபலம் முழுவதும் வேண்டியிருந்தது. விட்டதும் தானாக மெல்ல எழுந்து வந்தது. அதை மூன்று நான்கு முறை செய்து பார்த்தார். பையன் தயங்கித் தயங்கிக் கையிலிருந்து வாங்கிப் பூட்டினான்.

அங்கிருந்து நேராக அலைன்மென்ட். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரக் கோணம் மாறிவிடும். பார்க்காமல் விட்டால் புது டயரையும் தின்றுவிடும். அங்கே திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. எல்லாம் முடிந்ததும் அங்கிருந்த பையன் சாவியை அப்பாவிடம் நீட்டினான். அப்பா வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, முன் கதவைத் தாண்டிப் போய்ப் பின்னிருக்கையில் ஏறினார், செருப்பைக் கழற்றினார்.

வேளச்சேரி மேம்பாலத்தின் இணைப்புகள் வரிசையாகக் கடந்தன. முன்னால் ஒரு சத்தமும் இல்லை. மூக்கு தாழவில்லை. அப்பா ஏதாவது சொல்வாரா என்று கண்ணாடியில் பார்த்தேன்.

"பின்பக்கம், வலது" என்றார் அப்பா. "அவசரமில்லை. தீபாவளி வரை ஓடும்."