ஊதாப் பூவுக்கு வந்த விருந்தாளி

28 மார்ச் 2020, சனி. பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின் 11ஆம் நாள். மகளின் நிண்டெண்டோ ஸ்விட்சில் அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ்: ஒரு தீவில் செடி நட்டு, மீனும் பூச்சியும் பிடிக்கும் வீடியோ விளையாட்டு. தொடக்கத்திலேயே வட அரைக்கோளமா, தென் அரைக்கோளமா என்று கேட்டது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே. சரி, வடக்கு என்று போட்டுவைத்தோம்.

விளையாட்டில் எனக்கு ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி பிடிக்க வேண்டும். நம் மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி, ஆனால் இத்தனை வயதுக்கும் நேரில் பார்த்ததில்லை. வடக்கில் மார்ச் மாதம் அது வராது. ஏப்ரல் வரை பொறு.

1 ஏப்ரல், புதன்

ஊதாப் பூவுக்குத்தான் வரும் என்றாள் தோழி. வெள்ளை ரோஜாவைக் கட்டம் விட்டுக் கட்டம் நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். இன்று இரண்டு வெள்ளைக்கு நடுவில் ஒரு ஊதா! பூச்சிதான் இல்லை. காலை 8 முதல் மாலை 5 வரைதான் அது பறக்கும். என் ஆபீஸ் வேலையும் அதே நேரம்தான். தீவெங்கும் ஈஸ்டர் முட்டை வேறு. மரத்தை உலுக்கினாலும் முட்டை, தூண்டில் போட்டாலும் முட்டை.

5 ஏப்ரல், ஞாயிறு

பால்கனியில் அம்மாவின் கத்தல். கறிவேப்பிலைத் தொட்டியில் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. குச்சியால் தொட்டால் புழு! சற்றுத் தள்ளி, அதற்கு மூத்தது ஒன்று, பச்சையாக. அதைத் தொட்டதும் தலையிலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விட்டது பாருங்கள். "ரசத்துக்கு ஒரு கொத்துகூட மிச்சம் வைக்காது" என்கிறார் அம்மா. மகள் விடவில்லை. இப்போதைக்குப் புழுக்களுக்குப் பாதித் தொட்டி.

9 ஏப்ரல், வியாழன்

வந்துவிட்டது! கறுப்பு இறக்கையில் பல் வரிசை போலப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு வலையோடு ஓடினேன். ஓடியதுதான் தப்பு, மேலே பறந்து மறைந்தது. ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துப் பூனை மாதிரி போயிருக்க வேண்டும்.

12 ஏப்ரல், ஞாயிறு

பிடித்தாயிற்று. விற்றால் 2,500 பெல்ஸ் (விளையாட்டுப் பணம்), தீவில் பாலம் கட்ட உதவும் என்றாள் மகள். கேட்கவில்லை, தீவின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தேன். அங்கே ஆந்தை பிளாதர்ஸுக்குப் பூச்சி என்றாலே குலை நடுக்கம். பாவம், முகம் சுளித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது. சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இயற்கை ஆய்வாளர் வாலஸ் இதற்கு வைத்தது 1855இல் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"அழகாத்தான் இருக்கு. இதுவும் கறிவேப்பிலை தின்னுமா?"

"இல்லம்மா, இதோட புழு ஆடுதின்னாப்பாளை ஜாதிக் கொடிதான் தின்னும்."

"அப்போ இது இங்க வரட்டும். அந்தக் கொம்புக்காரனை அங்க அனுப்பு."