எட்டு மாதம் தொங்கிய ‘ஆட்கள் தேவை’ அட்டை

காரைக்குடியில் எங்கள் பலகாரக் கடை வாசலில் 2022 ஆடி மாதம் ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். ‘பலகாரம் சுற்ற, பொரிக்க ஆட்கள் தேவை. பெண்களுக்கு முன்னுரிமை. காலை 7 மணி முதல் மாலை 5 வரை.’ அதற்குக் கீழே என் போன் நம்பர். மறு வருஷம் பங்குனி வரைக்கும் அது அங்கேயே தொங்கியது. மழையில் நனைந்து எழுத்து கரைந்ததும் இரண்டு தடவை புதிதாக எழுதி மாட்டினேன்.

எங்களுடையது பெரிய கடை இல்லை. மாமியார் வீட்டுப் பின்கட்டில் கைமுறுக்கும் மாவுருண்டையும் போட்டுக் கொடுத்ததில் தொடங்கியது. பிறகு தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம், அதிரசம் என்று சேர்ந்துகொண்டது. செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணச் சீருக்குப் பலகாரம் எண்ணிக்கையில்தான் போகும். ஆயிரம் முறுக்கு, ஐந்நூறு அதிரசம் என்று ஒரே நாளில் கேட்பார்கள். ஆவணி, தை இரண்டும் எங்களுக்கு அறுவடைக் காலம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அடுப்பு பாதி நாள் அணைந்தே கிடக்கும்.

அந்த ஆடியில் ஆறு வருஷமாக இருந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் நின்றார்கள். ஒருவர் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போனார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. அவர் ஏன் போனார் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அட்டையைப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை என்றில்லை. வந்த போன்களை ஆர்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், முப்பத்தொன்று. சம்பளம் எவ்வளவு என்று கேட்டு வைத்தவர்கள் பாதிப் பேர். நேரில் வந்தவர்கள் ஒன்பது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் நான்கு. ஒரு மாதம் தாண்டியவர் ஒருவரும் இல்லை. உள்ளூர் கேபிளில் ஓடும் எழுத்தாக விளம்பரம் கொடுத்தேன், வாட்ஸப் குழுக்களில் போட்டேன். அதில் வந்த போன்கள் பெரும்பாலும் முறுக்கு விலை கேட்டுத்தான். சரி, வியாபாரமாவது ஆனது.

சிவகங்கை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்கும் போனேன். வந்தவர்களில் பெரும்பாலோர் படித்து முடித்த பிள்ளைகள். என் மேசைக்கு வந்த ஒரு பெண் பயோடேட்டாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “என்ன வேலைங்க மேடம்?” என்றாள். “முறுக்கு சுத்தணும்மா” என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, தப்பான இடத்தில் நான்தான் வலை வீசினேன். ஆனால் தனியார் வேலைகளுக்கென்று தமிழ்நாடு அரசு நடத்தும் இணையதளத்தில் முகாமுக்கு வந்தவர்கள் என்னைப் பதிந்துவிடச் சொன்னார்கள். கட்டணம் கிடையாது. அங்கே ‘பில் போட, ஸ்டாக் பார்க்க, டெலிவரிக் கணக்கு எழுத’ என்று போட்டதில் கண்டனூர்ப் பையன் ஒருவன் கிடைத்தான். பி.காம். முடித்தவன். இன்றைக்கும் இருக்கிறான். எழுத்து வேலைக்கு இணையதளம் சரியாக வந்தது. கை வேலைக்கு அது உதவவில்லை.

அடுத்து நான் செய்த தப்பைச் சொல்லத்தான் வேண்டும். தை முகூர்த்தம் நெருங்கியதும் பயந்துபோய், பாகு வேலை தெரிந்த மாஸ்டர் ஒருவருக்குப் பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். அதிரசப் பாகில் கைதேர்ந்தவர். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கக்கூட மாட்டார், கரண்டியிலிருந்து பாகு இறங்குவதைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். பதினேழு நாள் வந்தார். பதினெட்டாம் நாள் போனை அணைத்துவிட்டார். ‘இனிமேல் எவன் வந்தாலும் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் அட்வான்ஸ்’ என்று குதித்தேன். எங்கள் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர்தான் நிறுத்தினார். “அட்வான்ஸைக் காட்டி ஒருத்தரை வேலையில பிடிச்சு வெச்சா அதுக்குப் பேரு வேறம்மா. 1976லயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தாச்சு. ஆதாரை வாங்கி வைக்கிற பேச்சே வேண்டாம்.” எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து சேரும்போது முன்பணம் கிடையாது. ஆறு மாதம் இருந்தவர்கள் அவசரத்துக்குக் கேட்டால் கொடுப்பேன். அதை எழுதி வைத்து, சம்மதம் கேட்டு, வாரம் இருநூறு முந்நூறு என்று கழித்துக்கொள்வேன். அவர்கள் நடுவில் நின்றுபோனால் பணம் போனதுதான்.

பங்குனியில் ஒரு மத்தியானம் சிறுவயல் அக்கா வந்தார். வேலைக்கு இல்லை, பேரனுக்குத் தேன்குழல் வாங்க. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் கடையில் எல்லோரையும் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். பொட்டலம் கட்டும்வரை அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“ஏத்தா, ஏழு மணின்னு போட்டுருக்கியே, எங்க ஊர்ல டவுன் பஸ்ஸே எட்டரைக்குத்தானே வருது? ஏழு மணிக்கு வரணும்னா நான் ராத்திரியே கெளம்பணும். இதப் பாத்துட்டு எந்தப் பொம்பள உள்ள வருவா?”

எட்டு மாதமாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு மணி என்பது மாமியார் காலத்து நேரம். விறகடுப்பு, வெயில் ஏறுமுன் பொரித்து முடிக்கவேண்டும், வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதே தெரு. இப்போது கேஸ் அடுப்பு, புகைபோக்கி, வருகிறவர்கள் வெளியூர். நேரத்தை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. சுற்றுவட்ட ஊர்களிலிருந்து பெண்கள் காரைக்குடிக்கு வேலைக்கு வருவது அதற்குப் பிறகு எங்கள் கண்ணெதிரே கூடியது. ஜவுளிக்கடைக்கும் ஓட்டலுக்கும் வருகிறார்கள். என் கடைக்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு ஆட்களிடம் இல்லை. காரணம் சொல்லாமல் நின்றாரே, அவர் வீட்டிலும் அந்த வருஷம்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். ஏழு மணிக்கு வரச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு யார் தலை வாருவது?

நேரத்தை மாற்றினோம். ஊறவைத்த அரிசியை வடிகட்டி உலர்த்தி மாவு அரைப்பதும் உளுந்து வறுப்பதும் காலையில் நானும் வீட்டுக்காரரும். சுற்றுகிறவர்கள் ஒன்பதரைக்கு வந்தால் போதும். பொரிப்பது பதினொன்றிலிருந்து. நாலரைக்குக் கை கழுவினால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மொத்தத்தில் உற்பத்தி குறையும் என்று வீட்டுக்காரர் பயந்தார். முதல் மாதம் குறையத்தான் செய்தது. பிறகு ஆள் நிலைத்ததும் பழைய கணக்கைத் தாண்டிவிட்டது.

சிறுவயல் அக்காவே முதலில் சேர்ந்தார். மூன்று நாள் கூலி கொடுத்துப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். சரிப்படாவிட்டாலும் மூன்று நாள் கூலி அவர்களுக்கு உண்டு. அந்த மூன்று நாளில் முறுக்கு அழகாக வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஐந்து சுற்று, ஏழு சுற்று எல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். உடைந்த முறுக்கை என்ன செய்கிறார், வெளியே போய் வந்தால் சொல்லாமலே கை கழுவுகிறாரா, பக்கத்தில் இருப்பவரின் மாவு காய்ந்தால் ஈரத்துணியை இழுத்து மூடுகிறாரா, இதுதான் என் பரீட்சை. சேர்ப்பது என்று முடிவானால் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்குவோம். உணவைக் கையாளுகிறவர்களுக்கு வருஷா வருஷம் அது வேண்டும். செலவு கடையுடையது. அந்த ஐந்நூறு ரூபாயை அவர்கள் தலையில் கட்டும் இடங்களும் இருக்கின்றன. சேரும் முதல் நாளே அங்கே மனசு விட்டுப்போகும்.

கூலியிலும் தடுமாறினேன். முதலில் எண்ணிக்கைக்குக் கூலி, நூறு முறுக்குக்கு இவ்வளவு என்று. கை வேகம் உள்ளவர்களுக்கு நல்ல காசு. ஆனால் அவசரத்தில் உள்சுற்று தடித்து, பொரிக்கும்போது நடுவில் வேகாமல் நிற்கும். இப்போது நாள் கூலி 450, சீசனில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் போனால் தனிப்பணம். மாதச் சம்பளமாக வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். குழுக்கடன் தவணை வாரா வாரம் கட்டவேண்டும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கவர் கைக்குப் போய்விடும். ஒரு சனிக்கிழமை பார்ட்டி பணம் வராமல் திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் முழுக்க அடுப்படியில் பேச்சுக் குரலே இல்லை. மறுவாரம் என் வளையலை வைத்தாவது கொடுத்துவிடவேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஆட்களில் பாதிப் பேரை விரட்டியது முழங்கால்வலி. நல்லாச் சுற்றத் தெரிந்தவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். தரையில் சம்மணம் போட்டு ஆறு மணி நேரம் உட்கார முடியாது. இடுப்பு உயரத்தில் துருப்பிடிக்காத எஃகில் மேசை அடித்து, முதுகு சாயும் ஸ்டூல் போட்டேன். மேசை வந்த வாரத்தில், முன்பு கால்வலி என்று மறுத்த பள்ளத்தூர் அக்கா தானாகவே வந்தார். முன்பக்கம் பில் போடும் இடத்திலும் நாற்காலி. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஒரு பெரியவர் அதைக் குறையாகச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கிலோ சீடை வாங்கிப் போனார்.

சிறுவயல் அக்கா ஒவ்வொருவராகக் கூட்டி வந்ததில் ஒரு வருஷத்தில் ஐந்து பேர் அதே ஊராகிவிட்டார்கள். ‘இனிக் கவலை இல்லை’ என்று மிதந்துகொண்டிருந்தபோது அந்த ஊர் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழாவான புரவியெடுப்பு வந்தது. காப்புக் கட்டியதிலிருந்தே பாதிப் பேர் இல்லை. புரவியெடுப்பு அன்று ஒருவர்கூட இல்லை. எங்களுக்கோ எண்ணூறு முறுக்கு ஆர்டர். நானும் மாமியாரும் கண்டனூர்ப் பையனும் ராத்திரி இரண்டு மணிவரை சுற்றினோம். பையன் சுற்றியதைப் பார்த்து மாமியார், “இது முறுக்கா, கயிறா?” என்றார். அதற்குப் பிறகு புது ஆள் எடுத்தால் வேறு ஊரில்தான் தேடுகிறேன். ஒவ்வொரு ஊரின் திருவிழாத் தேதியையும் காலண்டரில் குறித்துவைத்து, ஆர்டர் வாங்கும் முன்னால் பார்த்துக்கொள்கிறேன். நூறு நாள் வேலைக்கு அட்டை வைத்திருப்பவர்கள் அந்த நாள்களில் போய் வரட்டும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்கு வேலை குறைவான ஆடி, மார்கழியில் அவர்களுக்கு அது கை கொடுக்கிறது, எனக்கும் பாரம் குறைகிறது.

சென்ற வருஷம் பத்தாவது ஆளைப் பற்றிப் பேச்சு வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் “ஒன்பதோட நிறுத்திக்கங்க, பத்தாயிட்டா இ.எஸ்.ஐ. வந்துடும்” என்றார்கள். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை. அதற்கு முந்தின தீபாவளியில் பொரிக்கிற அக்காவின் முன்கையில் எண்ணெய் தெறித்து, மூன்று வாரம் வேலைக்கு வரமுடியவில்லை. மருத்துவச் செலவை நான் பார்த்தேன். கூலி பாதிதான் கொடுக்க முடிந்தது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வேலையில் காயம் பட்டவருக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைத்திருக்கும் என்று ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 11,700 ரூபாய் வாங்குபவருக்கு நான் கட்டவேண்டியது 3.25 சதவீதம், 380 ரூபாய் சொச்சம். அவர் பங்கு 0.75 சதவீதம், 88 ரூபாய். பத்தாவது ஆளை எடுத்தேன். 88 ரூபாய் பிடிப்பேன் என்றதும் முணுமுணுப்பு வந்தது. எண்ணெய் பட்ட அக்கா சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். அப்புறம் யாரும் பேசவில்லை.

பாகு வேலைக்கு இன்னும் சரியான ஆள் அமையவில்லை. அதிரசப் பாகை நானேதான் பார்க்கிறேன், முன்பு போனாரே அந்த மாஸ்டர் அளவுக்கு எனக்கு வராது. போன வாரம் சிறுவயல் அக்கா, கோட்டையூரில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார். கல்யாண வீடுகளில் அவள் அப்பாவோடு அடுப்படியில் நின்று வளர்ந்தவளாம், பாகு கைவந்த கலையாம். ஒரே சிக்கல், கைக்குழந்தை இருக்கிறது. பத்தரைக்கு வந்து மூன்றரைக்குப் போகவேண்டுமாம், குழந்தையையும் கூட்டி வருவாளாம். பின்கட்டில் மாமியார் அறைக்கு முன்னால் தூளி கட்ட உத்தரம் இருக்கிறது. மாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.