எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ்

1986ஆம் ஆண்டு, 14 வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடும் அண்ணாவோடும் ஜேர்மனியின் ரூர் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வரும்வரை, பதியப்பட்ட மாவட்டத்தின் எல்லையை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்பது சட்டம். அண்ணாவுக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லை. எனக்குப் பாடசாலை இருந்தது என்றாலும், வகுப்பில் வாய் திறக்கும் அளவுக்கு மொழி இல்லை.

நகர மையத்துப் பெரிய கடையொன்றில் பார்வைக்கு வைத்திருந்த கொமடோர் 64 கணினியைச் சுற்றிப் பின்னேரங்களில் ஜேர்மன் பையன்கள் கூடுவார்கள். நானும் போய் நிற்பேன். 64 கிலோபைட் நினைவகமும் 16 வண்ணங்களும் கொண்ட அந்தக் கணினி முழுவதும் விசைப்பலகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. அதன் ‘பேசிக்’ (BASIC) என்ற கணினி மொழியின் கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள் என்பதால், ஊரில் படித்த ஆங்கிலம் கைகொடுத்தது. கட்டளைகளின் பொருளை அந்தப் பையன்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். புதிய நாட்டில் எனக்கென்று ஓரிடம் கிடைத்தது அந்த மேசையருகில்தான்.

பிறகு, தேவாலயத் தொண்டர் ஒருவர் தமது மகன் பாவித்த அதே வகைக் கணினியை, ஒலிநாடாப் பதிகருவியோடு எங்களுக்குத் தந்தார். திரையில் தோன்றும் ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரிசையும் எட்டு நிரலும் கொண்ட புள்ளிக் கட்டம் என்பதையும், அந்த வடிவங்களை நாமே மாற்றலாம் என்பதையும் சஞ்சிகையொன்றில் படித்த நாளிலிருந்து எனக்கு விளையாட்டுகளில் நாட்டமில்லை. ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக 128, 64, 32 என்று 1 வரை மதிப்பு உண்டு. ஒளிரவேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டி, ‘போக்’ (POKE) கட்டளையால் நினைவகத்தின் உரிய முகவரியில் இட வேண்டும். ‘ட’வுக்கு ஏழு வரிசைகளில் 128, கடைசி வரிசையில் எல்லாப் புள்ளிகளும் ஒளிர 255. ‘ப’வுக்கு ஏழு தடவை 129, கடைசியில் அதே 255. தமிழின் நேர்கோட்டு எழுத்துகள் இந்தக் கட்டத்துக்கென்றே பிறந்தவை போல உட்கார்ந்தன. ஆனால் ‘ண’வின் சுழிகள் எட்டுப் புள்ளி அகலத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகிவிட, அதற்கு இரண்டு கட்டங்களை அருகருகே சேர்க்க நேர்ந்தது. எழுத்து வடிவங்களுக்கு மொத்தம் 256 இடங்களே உண்டு. கொம்பையும் துணைக்காலையும் தனியே வைத்துப் பல எழுத்துகளுக்குப் பயன்படுத்தலாம். உகர, ஊகார வரிசைகளோ மெய்க்கு மெய் உருமாறுவதால், ஒவ்வொன்றையும் கணக்குக் கொப்பியின் சதுரங்களில் தனித்தனியே வரைந்தேன். ஊரில் ஆசிரியையாக இருந்த அம்மா, கொப்பியை வாங்கிப் பார்த்து, “இந்த ‘ழ’வுக்கு வால் காணாது” என்று திருத்துவார். விடுதி அறையில் அவர் உற்சாகமாகப் பேசியது அந்த நேரங்களில்தான்.

அக்காலத்தில் எங்கள் ஆட்களின் விழா அறிவித்தல்கள் பெரும்பாலும் கையால் எழுதிப் படியெடுக்கப்பட்டவை. வதிவிட உரிமை கிடைத்ததும் நான் அச்சுத் தொழில் பயின்று, திருமண அழைப்பிதழ்களும் தமிழ்ப் பாடசாலைப் புத்தகங்களும் வடிவமைத்து, பின்னர் முழுநேர எழுத்துரு வடிவமைப்பாளன் ஆனேன். எழுத்துகளுக்குப் பொதுவான எண்களை வகுக்கும் யூனிகோடு தரத்தின், 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதால், எந்த எண் எந்த எழுத்துக்கு என்பதை ஒவ்வொருவரும் தம்போக்கில் முடிவுசெய்யும் நிலை காலப்போக்கில் மாறியது. வடிவத்தின் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது: கைபேசித் திரைக்கு எழுத்துரு வரையும்போது, மிகச் சிறிய அளவிலும் ‘ண’வின் சுழிகள் அடைபடாத அகலத்தை முதலில் தீர்மானித்த பின்னரே மற்ற எழுத்துகளைத் தொடுகிறேன்.