சும்மா கெடக்குற நெலம்

போன வாரம் லீவுல ஊருக்கு வந்தேன், சாத்தான்குளம் பக்கம் எங்க ஊர், மாவட்டம் பிரிஞ்சி இத்தனை வருஷம் ஆகியும் ஆச்சிக்கு அது இன்னும் திருநெவேலி ஜில்லா தான். வந்து செருப்பக்கூட கழட்டல, ஆரம்பிச்சிட்டா. "ஏட்டி, மண்ண ஆராய்ச்சி பண்ண அம்புட்டு தூரம் போவணுமா? இங்கன தேரில இல்லாத மண்ணா?"

நியாயமான கேள்வி தான். நான் இந்த வேலைக்கு போனதுக்கு காரணமே தேரி தான், எங்க ஊர் பக்கத்து செம்மணல் மேடு. ஆனி ஆடி காத்துல செவப்பு மண்ணு பறந்து வந்து சோத்துல விழும், மணல் மேடு ஏன் எடம் மாறுதுன்னு சின்ன வயசுலயே ஒரு கிறுக்கு. கிள்ளிகுளத்துல அக்ரி படிச்சேன், அப்புறம் மாஸ்டர்ஸ், அப்புறம் ஏஆர்எஸ், அதாவது வேளாண் விஞ்ஞானி வேலைக்கான மத்திய அரசு பரீட்சை. பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூ எல்லாம் தாண்டி ஹைதராபாத்ல ட்ரெயினிங் முடிச்சா ராஜஸ்தான்ல ஜோத்பூர் காஸ்ரில போஸ்டிங், வறண்ட நெலத்த ஆராய்ச்சி பண்ற மத்திய நிறுவனம் அது, இப்ப அதோட ஜெய்சல்மேர் ஸ்டேஷன். 1952ல பாலைவனத்துல மரம் வளர்க்கணும்னு ஆரம்பிச்ச சின்ன நிலையம் தான் 1959ல காஸ்ரி ஆச்சு.

அந்த காலத்து பெரியவங்க செஞ்சது பெரிய வேலை. பறக்குற மேட்டுல ஆடு மாடு ஏறாம வேலி போட்டு, காத்துக்கு குறுக்க காஞ்ச முள்ள வரிசை வரிசையா நட்டு, அதுக்கு மறைவுல மரக்கன்னும் புல்லு விதையும் வைப்பாங்க. அப்படித்தான் எத்தனையோ ஊர் மணல்ல மூழ்காம பொழச்சுது. ஆனா பாலைவனம்னாலே மரம் இல்லாத குறைன்னு ஒரு நெனப்பும் கூடவே வளந்திருச்சு, அது தப்புன்னு எனக்கு புரிய நாலு வருஷம் ஆச்சு.

புரிய வச்சது அந்த பாலைவனத்துல தூர் தூரா வளர்ற சேவண் புல்லு. என் வேலையில பாதி, ஒரு மீட்டர் இரும்பு சட்டத்த தரையில போட்டு அதுக்குள்ள எத்தனை தூர் இருக்குன்னு எண்ணுறது தான், மே மாசம் அந்த சட்டத்த வெறுங்கையால தொட முடியாது. ஒரு நாள் ஒரு தூர மெதுவா தோண்டி எடுத்தேன். ஒவ்வொரு வேரு மேலயும் மணல் ஒட்டி சட்டை போட்ட மாதிரி உறை, உதறினாலும் விழல. வேர் கசியவிடுற பசையில மணல் ஒட்டி, அந்த உறைக்குள்ள கொஞ்சூண்டு ஈரம். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் கூட பெய்யாத ஊர்ல ஆடு, மாடு, ஒட்டகம் பொழைக்கிறது இத நம்பி தான். சர்க்கார் ரெக்கார்டுல அந்த நெலத்துக்கு பேரு தரிசு.

கானமயில்னு ஒரு பெரிய பறவை, மயில் இல்ல, அதுக்கும் வேணுங்கறது இந்த தெறந்த புல்வெளி தான். 15 கிலோ வரைக்கும் வளரும், தரையிலயே ஒரே ஒரு முட்டை போடும், இன்னைக்கு வெளிய சுதந்திரமா திரியுறது 150 கூட மிச்சமில்ல. பாலைவன தேசிய பூங்கா 3162 சதுர கிலோமீட்டர், அதுவே அதுக்கு பத்தல, வெளிய பறந்து போவுது, நேர் எதிர்ல இருக்கறது அதுக்கு சரியா தெரியாது, கரண்டு கம்பில அடிபட்டு சாவுது. ராதாபுரம், பணகுடி பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடியும் கம்பியும் பாத்து வளந்த எனக்கு கரண்டு வேண்டாம்னு சொல்ல மனசு வராது, ஆனா கம்பி எந்த வழியா போகணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த பறவை எந்த வழியா போவுதுன்னு பாக்கணும்ல? அதனால பூங்காவ மட்டும் பாத்தா போதாது, மேய்ச்சக்காடு, கால்வாய் பாசனம் வந்த வயல், ஓரண்னு அவங்க சொல்ற கோயில்காடு, எல்லாத்தையும் சேத்து ஒரே நெலமா பாக்கணும். எங்க மேப்புல பாதி தகவல் ஆடு மேய்க்கிறவங்க சொன்னது.

ஆச்சிக்கு சாங்கிரி வத்தல் கொண்டு வந்திருந்தேன், வன்னி மரத்து காய். "வன்னியா? கோயில்ல நிக்குமே, அதயா திங்காவ?"ன்னு ஆச்சரியப்பட்டா. அங்க அது வயல் நடுவுல நிக்கும், தழை ஆட்டுக்கு, காய் மனுசனுக்கு, மரத்தடியிலயே கம்பு வெளையும். அம்மா புளி ஊத்தி கொழம்பு வச்சா, ஆச்சி ரெண்டாம் தடவயும் கேட்டு வாங்கினா.

சாயங்காலம் அப்பாவோட குதிரைமொழித்தேரிக்கு போனேன். தேரி நெசமான பாலைவனம் இல்ல, ஐப்பசி கார்த்திகையில நல்லா மழை உண்டு, அய்யனார் கோயில் சுனையில தண்ணி கெடக்கு. மணலே வேற, ஒவ்வொரு மணல் துகளுக்கும் மேல இரும்புத் துரு படிஞ்சிருக்கறதால தான் அந்த செவப்பு. "சும்மா தானெ கெடக்கு, எதாவது கம்பெனி வந்தா நாலு பேருக்கு வேலையாவது கெடைக்கும்"னு அப்பா சொன்னாவ. நான் ஒண்ணும் சொல்லல. உடைமரத்தடியில உக்காந்து புல்ல எண்ண ஆரம்பிச்சேன், கொஞ்ச நேரத்துல அப்பாவும் பக்கத்துல குத்தவச்சி, "இது என்ன புல்லு தெரியுமா"ன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லிட்டே வந்தாவ. இருட்டுற வரைக்கும் எழுதிக்கிட்டேன், பதினோரு பேர்.