உலகச் செய்தி நம் யூனிட்டுக்குள் வரும் வழி

போர், தேர்தல், எங்கோ ஒரு வங்கித் திவால் என்று எது நடந்தாலும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரின் அலுவலகத்துக்கு வரும் முதல் கேள்வி "மார்க்கெட் ஏறுமா, இறங்குமா சார்?" என்பதுதான். இந்த வேலையில் நாள்பட்டவர்கள் அதற்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, வேறொரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். இந்தச் செய்தி இவருடைய பணத்தை எந்த வழியாக வந்து தொடும்? டாலர் வழியாகவா, வட்டி வழியாகவா, வரிச் சட்டம் வழியாகவா? அல்லது வாங்கவும் விற்கவும் இருக்கும் வாசலையே யாராவது சாத்திவிடுவார்களா? கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கணிப்பு பலித்தும் பணம் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

2022 தொடக்கத்தில் ரஷ்யப் பங்குகள் மலிவு என்று சொன்னவர்களின் கணக்கில் பிழை இல்லை. பி.இ. விகிதம் (லாபத்தைப் போல் எத்தனை மடங்கு பங்கு விலை என்ற கணக்கு) குறைவு, டிவிடெண்ட் தாராளம், கச்சா எண்ணெய் ஏறுமுகம். பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியது. எண்ணெய் 100 டாலரைத் தாண்டவும் செய்தது. ஆனால் மாஸ்கோ பங்குச் சந்தை பிப்ரவரி 25க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் பங்கு வர்த்தகத்தை நிறுத்திவைத்தது. மார்ச் 24 அன்று சில பங்குகளுக்கு மட்டும் திறந்தபோது வெளிநாட்டவர் விற்கக் கூடாது என்ற தடையோடு திறந்தது. லண்டனில் வர்த்தகமான ரஷ்ய வங்கியான ஸ்பெர்பேங்கின் டெபாசிட்டரி ரசீது (வெளிநாட்டுச் சந்தையில் பங்குக்குப் பதிலாகக் கைமாறும் சான்று) சில நாட்களில் வெறும் சென்ட்களுக்கு வந்து, பிறகு வர்த்தகமே நிறுத்தப்பட்டது. உலக ஃபண்டுகள் பின்பற்றும் பங்குக் குறியீடுகளை வகுக்கும் எம்எஸ்சிஐ நிறுவனம் மார்ச் 9 அன்று ரஷ்யாவைத் தன் வளரும் நாடுகள் குறியீட்டிலிருந்து எடுத்தபோது போட்ட விலை நடைமுறையில் சுழியம். அதுவரை அந்தக் குறியீட்டில் ரஷ்யாவின் பங்கு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். வளரும் நாடுகள் ஃபண்ட் வைத்திருந்த பலருக்குத் தங்களிடம் ரஷ்யப் பங்கு இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே சீனா ஒரு பாடம் நடத்தியிருந்தது. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்கள் லாப நோக்கின்றி நடக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நியூயார்க்கில் பட்டியலான அந்தத் துறைப் பங்குகள் நாட்கணக்கில் பாதிக்கும் மேல் சரிந்தன. பெரிய சீன இணைய நிறுவனங்கள் பலவற்றின் நியூயார்க் பங்கு என்பது கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. சீனாவில் இருக்கும் உண்மையான தொழிலோடு அதற்கு இருப்பது ஒப்பந்த உறவு, நேரடி உரிமை இல்லை. அந்த ஒப்பந்தம் செல்லும் என்பது சீன அரசு கண்டுகொள்ளாமல் இருப்பதைப் பொறுத்தது. ஃபண்டின் மாதாந்திர விவரத் தாளான ஃபேக்ட்ஷீட்டில் நாடுவாரி அட்டவணை ஒன்று இருக்கும். வருமான அட்டவணையைப் பார்க்கும் கண்கள் அந்தப் பக்கத்துக்குப் போவதே இல்லை. வெளிநாட்டு ஃபண்டில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான் என்பது என் கருத்து.

அயல்நாட்டு அரசு மட்டும்தான் வாசலைச் சாத்தும் என்று நினைக்க வேண்டாம். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டு இடிஎஃப்களுக்கு (பங்குச் சந்தையில் பங்கு போலவே கைமாறும் ஃபண்டுகள்) தனியாக 100 கோடி டாலர். கொரோனாவுக்குப் பின் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் மேல் வந்த மோகத்தில் முதல் வரம்பு நிரம்பியது. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி புதுப் பணம் வாங்குவதை நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டு ஜூனில், பணம் வெளியேறியதால் கிடைத்த இடத்துக்குள் மட்டும் மீண்டும் வாங்க அனுமதித்தது. இரண்டாவது வரம்பு நெருங்கியதும் 2024 ஏப்ரல் 1 முதல் அங்கும் நிறுத்தம். பத்து வருடத்துக்கு எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு தொகை போடும் முறை) என்று திட்டம் போட்டவருக்கு இரண்டாம் ஆண்டில் குழாய் அடைத்தது. 2024இல் அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இதன் பக்கவிளைவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். சாதாரண நாட்களில் ஓர் இடிஎஃப்பின் சந்தை விலை என்ஏவியை (யூனிட் ஒன்றுக்குப் பின்னால் இருக்கும் சொத்தின் மதிப்பு) விட ஏறினால், வாங்கவும் விற்கவும் விலை கொடுத்துக்கொண்டே இருக்கும் மார்க்கெட் மேக்கர், ஃபண்ட் நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் புது யூனிட்களை உருவாக்கிச் சந்தையில் விற்பார். விலை தானே இறங்கிவிடும். ஃபண்டால் டாலர் அனுப்ப முடியாது என்றால் புது யூனிட் உருவாகாது. இருக்கும் யூனிட்களுக்கே போட்டி. நம் பங்குச் சந்தையில் பட்டியலான சில அமெரிக்க இடிஎஃப்கள் என்ஏவியை விடப் பத்து சதவீதத்துக்கும் மேல் அதிக விலையில் கைமாறியது இப்படித்தான். உதாரணத்துக்கு என்ஏவி 200 ரூபாய், சந்தை விலை 230 ரூபாய் என்று வையுங்கள். வாங்கியவர் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஓராண்டில் குறியீடு 10 சதவீதம் ஏறி என்ஏவி 220 ஆகிறது. இடையில் வரம்பு தளர்ந்து கூடுதல் விலை 2 சதவீதமாகச் சுருங்குகிறது. சந்தை விலை 224 ரூபாய் 40 காசு. குறியீடு ஏறியும் கையில் நஷ்டம்.

தவிர்க்கும் வழி கடினமானதல்ல. ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ-என்ஏவி என்று, என்ஏவியின் அப்போதைய மதிப்பைக் காட்டும் ஓர் எண் நாள் முழுக்க ஓடும். அதையும் ஆர்டர் பட்டியலில் விற்பவர் கேட்கும் விலையையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்க்க வேண்டும். நம் சந்தை நடக்கும் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும் என்பதால் ஓரிரு சதவீத வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் என்றால் விட்டுவிட வேண்டும். எப்படியும் விலையை நாமே குறிப்பிடும் லிமிட் ஆர்டர்தான், கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் கூடவே கூடாது. விற்கும் நிலையில் இருப்பவருக்கு இதே கூடுதல் விலை லாட்டரி. ஆனால் அவரிடம் இதைச் சொன்னால் "நல்லா ஏறிட்டிருக்கே சார், ஏன் விக்கணும்?" என்பார்.

ஃபண்ட் வழி அடைத்தால் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வழியில் ஆண்டுக்கு ஒருவர் 2.5 லட்சம் டாலர் வரை நேரடியாக அனுப்பலாம். முதலீட்டுக்கு அனுப்பும் பணம் நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சம்). ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். இதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்கக் குடியுரிமையும் வசிப்பும் இல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்குகளை வைத்துக்கொண்டு இறந்துபோனால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு அங்கே 40 சதவீதம் வரை எஸ்டேட் வரி உண்டு. அயர்லாந்தில் பதிவான இடிஎஃப் வழியாக அதே பங்குகளை வைத்திருந்தால் இந்த வரி வராது. பிள்ளைகளுக்காகச் சேர்க்கிறேன் என்று சொல்பவரிடம் முதலீட்டு ஆப் எதுவும் இதைச் சொல்வதில்லை.

கடன் பத்திரங்களில் போடும் கடன் ஃபண்டுக்கு உலகம் வருவது வட்டி வழியாக. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் சுழியத்தை ஒட்டி இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. நம் ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. கணக்கு எளிது: ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும் மாடிஃபைட் ட்யூரேஷனை (வட்டி மாறினால் விலை எவ்வளவு அசையும் என்று காட்டும் எண்) வட்டி மாற்றத்தோடு பெருக்கினால் விலை எவ்வளவு சரியும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ட்யூரேஷன் 7, வட்டி ஒரு சதவீதம் ஏற்றம் என்றால் விலையில் ஏழு சதவீத அடி. "கவர்மென்ட் பாண்டுதானே, எப்படி இறங்கும்?" என்று கேட்டவர்களுக்கு இந்தப் பெருக்கலை முன்கூட்டியே போட்டுக் காட்டியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 2023 மார்ச்சில் நீண்டகாலப் பத்திரங்களை நிறைய வைத்திருந்த கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்ததற்குள்ளும் இந்தப் பெருக்கல்தான் இருந்தது.

அதே மாதம் இங்கே வரி மாறியது. 2023 மார்ச் 24 அன்று மக்களவையில் நிதி மசோதாவில் ஒரு திருத்தம் நிறைவேறி, ஏப்ரல் 1 முதல் வாங்கும் கடன் ஃபண்டுகளுக்கு நீண்டகாலச் சலுகை போய்விட்டது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் லாபம் வருமான வரி ஸ்லாப்பில் சேரும். இடையில் இருந்தது ஒரு வாரம். இப்படிப்பட்ட வாரங்களில் கவனிக்க வேண்டியது விண்ணப்பம் கொடுத்த நேரத்தை அல்ல, பணம் ஃபண்டின் வங்கிக் கணக்கில் சேர்ந்த நேரத்தை. அன்றைய விலைக்கான கட்-ஆஃப் நேரத்துக்குள் பணம் சேராவிட்டால் அடுத்த வேலை நாள் என்ஏவிதான். மார்ச் 31 அன்று காசோலை கொடுப்பவர் ஏப்ரல் யூனிட்டுக்குச் சொந்தக்காரர் ஆவார். இன்றும் பழைய ஃபோலியோவில் (ஃபண்ட் கணக்கில்) விற்கும்போது, எந்த யூனிட் எந்தத் தேதியில் வாங்கியது என்று பிரித்துப் பார்க்காமல் ஃபார்மில் கையெழுத்து வாங்கக் கூடாது. ஒரே ஃபோலியோவுக்குள் இரண்டு விதமான வரி ஓடுகிறது.

தங்கத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. பணவீக்கம் போக அமெரிக்கப் பத்திரம் தரும் நிஜ வட்டி ஏறினால் தங்கம் இறங்கும் என்பது பல ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே பொருந்திய பழைய விதி. 2022 தொடக்கத்தில் மைனஸில் இருந்த பத்தாண்டு நிஜ வட்டி 2023 இறுதிக்குள் இரண்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டு வந்தது. விதிப்படி தங்கம் அடிவாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. காரணம் அரசியல். ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதைப் பார்த்த மற்ற மத்திய வங்கிகள், யாராலும் முடக்க முடியாததாகத் தங்கள் பெட்டகத்திலேயே இருக்கும் தங்கத்தைத் தேடின. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் மத்திய வங்கிகளின் நிகரக் கொள்முதல் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல். விலை பார்த்து வாங்காத ஒரு வாடிக்கையாளர் சந்தைக்கு வந்துவிட்டால் பழைய எக்செல் ஷீட் வேலை செய்யாது.

ஆனால் நம் ஊர் ரூபாய் விலைக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. உலகச் சந்தையில் பெரிய அசைவு இல்லாமலேயே சென்னையில் சவரனுக்கு ஒரே நாளில் சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. நகைக்கடை வாசலில் கூட்டம். தங்க இடிஎஃப் வைத்திருந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. தங்கத்தைப் பற்றிய உலகக் கணிப்பு முழுக்கச் சரியாக இருந்தவருக்கும் அன்று அடிதான்.

சமூக மாற்றம் என்று எடுத்தால் கடந்த சில ஆண்டுகளில் இந்தியச் சந்தையை அதிகம் மாற்றியது எஸ்ஐபி. 2020 மார்ச்சில் அந்நிய முதலீட்டாளர்கள் பங்குகளில் சுமார் 62,000 கோடி ரூபாய் விற்றார்கள். நிஃப்டி 23 சதவீதம் விழுந்தது. 2024 அக்டோபரில் அவர்கள் விற்றது சுமார் 94,000 கோடி. நிஃப்டி இறங்கியது ஆறு சதவீதத்தை ஒட்டி. இடைப்பட்ட காலத்தில் மாத எஸ்ஐபி வரவு 8,600 கோடியிலிருந்து 25,000 கோடிக்கு மேல் போயிருந்தது. ஆதார் வழி கேஒய்சி, யுபிஐ, செல்போனிலேயே டீமேட் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இந்த ஒப்பீட்டை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. சந்தையின் மொத்த மதிப்பு இடையில் பல மடங்கு வளர்ந்துவிட்டது. ஊரடங்கு பயமும் 2024இல் இல்லை. எஸ்ஐபி பணம் நின்றுவிட்ட நிலையில் அந்நிய விற்பனை வந்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சந்தை இன்னும் பார்க்கவில்லை. 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட எஸ்ஐபிக்கள் புதியவற்றை விட அதிகம் என்று வந்த செய்தியில், செயலற்றுக் கிடந்த பழைய கணக்குகளைக் களையெடுத்ததும் சேர்ந்தது. மாதாந்திர எஸ்ஐபியில் தொடர்ந்து மூன்று தவணை தவறினால் அது தானாகவே ரத்தாகும். கணக்கில் பணம் வைக்க மறந்தவர் பயந்து நிறுத்தியவரோடு ஒரே எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறார்.

தனிப் பங்கு வைத்திருப்பவருக்குத் திருப்பூர் நல்ல உதாரணம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கச் சுங்கவரி 50 சதவீதம் ஆனபோது, ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஊர் அது. அன்று டெக்ஸ்டைல் என்று பெயர் இருந்த எல்லாப் பங்கையும் விற்றவர்கள் உண்டு. ஆண்டறிக்கையில் செக்மென்ட் குறிப்பைப் பிரித்தால் நாடுவாரி வருவாய் இருக்கும். மொத்த வருவாயில் 10 சதவீதத்தைத் தாண்டும் வாடிக்கையாளர் இருந்தால் அதையும் அங்கே சொல்லியாக வேண்டும். பெயர் இருக்காது, தொகை இருக்கும். உள்நாட்டுக்கு நூல் விற்கும் மில்லுக்கும் அமெரிக்கக் கடைச் சங்கிலிக்குப் பனியன் தைக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தூரம் அந்த ஒரு பக்கத்தில் தெரியும். ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதம் விலக்கப்பட்டபோது நூற்பாலைகளுக்குக் கச்சாப்பொருள் செலவில் வழி கிடைத்தது. ஒரே துறையில் ஒரே மாதத்தில் இரண்டு எதிரெதிர்ச் செய்திகள்.

இதையெல்லாம் வைத்து வாடிக்கையாளர் கோப்பில் செய்யும் மாற்றம் சின்னதுதான். முதலீட்டுப் பட்டியலில் வருமானத்துக்கு அடுத்து இன்னொரு பத்தி: வெளியேறும் வழி. விற்றால் பணம் எத்தனை நாளில் வரும், எந்தத் தேதியின் வரி, இடையில் யார் கைவைக்க முடியும். பங்கு ஃபண்டுக்கு இந்தப் பத்தி ஒரே வாக்கியத்தில் முடியும். அரசு வெளியிட்ட தங்கப் பத்திரத்துக்கு நான்கு வாக்கியம் வேண்டும்: எட்டு ஆண்டு முதிர்வு, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வட்டி தரும் தேதிகளில் மட்டும் ரிசர்வ் வங்கியிடம் முன்கூட்டியே ஒப்படைக்கலாம், அதற்கு முன் விற்க வேண்டுமானால் பங்குச் சந்தையில், அங்கே பல வரிசைப் பத்திரங்களில் ஒரு நாளில் கைமாறுவது சில பத்து யூனிட்கள்தான். மகள் கல்யாணத்துக்கு இருநூறு கிராம் தங்கப் பத்திரம் வைத்திருப்பவரிடம் முகூர்த்தத் தேதியைக் கேட்டு, அதற்கு முந்தைய வட்டித் தேதியைப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுவது வழக்கம். முன்கூட்டி ஒப்படைக்கும் விண்ணப்பத்துக்கும் தனிக் கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த வட்டித் தேதி ஆறு மாதம் கழித்துத்தான்.